வேலை, அரிசி, மறுப்பு: கொல்லிமலையிலிருந்து சில குறிப்புகள்

1

சில ஆண்டுகளுக்கு முன் சோளக்காட்டுச் சந்தையில் ஒரு காலைப்பொழுது. கிழங்கு லோடு ஏற்ற ஆள் கிடைக்கவில்லை என்று கீழேயிருந்து வந்த நண்பர் ஒருவர் புலம்பிக்கொண்டிருந்தார். ராசிபுரம் பக்கம் ஜவ்வரிசி ஆலை வைத்திருப்பவர். ஒரு காலத்தில் எங்களோடு இலக்கியக் கூட்டங்களுக்கு வந்தவர், இப்போதும் சிறுபத்திரிகைகளுக்குச் சந்தா கட்டுபவர். அவர் சொன்னது இது:

"நூறு நாள் வேலைன்னு ஒண்ணக் கொண்டாந்தாங்க. அரிசியச் சும்மா குடுத்தாங்க. அப்புறம் எவன் தோழர் வேலைக்கு வருவான்? சர்க்கார் கைய எடுத்துட்டாப் போதும். வேல தானா வரும், ஆளும் தானா வருவான். உங்க மார்க்ஸ மூட்ட கட்டி வெச்சிருங்க."

நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. பதில் கைவசம் இல்லாததால் அல்ல. நம்மிடம் எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கிறது: முதலாளியம் வேலையின்மையை உண்டாக்கும், நலத்திட்டங்கள் அதற்கு ஒட்டுப்போடும், புரட்சி வந்தால் எல்லாம் சரியாகும். இந்தத் தயார்ப் பதில்தான் என்னை உறுத்தியது. நண்பர் தன் அனுபவத்திலிருந்து பேசுகிறார், நாம் மந்திரத்திலிருந்து பேசுகிறோம். எனவே அவர் கூற்றையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

அதில் இரண்டு வாதங்கள் இருக்கின்றன. ஒன்று, மூலதனத்தை அதன் போக்கில் விட்டால் எல்லோருக்கும் வேலை கிடைக்கும். இரண்டு, இலவச அரிசியும் அரசு வேலையும் அதைத் தடுக்கின்றன. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆளுக்கு வேலை இல்லை என்று அவர் வருந்தவில்லை. வேலைக்கு ஆள் இல்லை என்றுதான் வருந்துகிறார். கிழங்கு வரத்து குறைந்தால் விலை ஏறும் என்பது அவருக்குத் தெரியும். அதைச் சந்தையின் நியதி என்று ஏற்றுக்கொள்வார். ஆள் வரத்து குறைந்தால் மட்டும் கூலி ஏறக்கூடாதாம், அரிசி நிற்க வேண்டுமாம். சந்தை மீது அவருக்குள்ள நம்பிக்கை கூலி என்ற இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. ஏன் அந்த இடத்தில்? இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

2

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் செம்மேடு. 2011 கணக்கெடுப்பின்படி மலை மீது சுமார் 40 ஆயிரம் பேர். மிகப் பெரும்பாலோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடிகள். பெயரைப் பார்த்து யாரும் கேரளத்தைத் தேட வேண்டாம், மலையில் வாழும் தமிழ் பேசும் மக்கள் இவர்கள்.

பள்ளத்தில் நெல். மேட்டில், கலப்பை ஓடாத சரிவில், கொத்துக்காடு. சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு, ஊடே அவரை, மொச்சை. இதைப் பொற்காலம் என்று பாட எனக்கு விருப்பமில்லை. அறுப்புக்கு முந்தைய மாதங்களில் காட்டுக் கிழங்கு தோண்டித் தின்ற கதைகளை வயசான எவரும் சொல்வார்கள். சாமை குத்துவது பெண்களின் முதுகை ஒடிக்கிற வேலை. ஆனால் ஒன்று மட்டும் அந்த வாழ்க்கையில் இல்லை: 'வேலையில்லாதவர்' என்ற ஆள். பசித்தவர் உண்டு, சோம்பேறி உண்டு, கடன்பட்டவர் உண்டு. வேலை கேட்டு நிற்பவர் இல்லை. ஏனென்றால் வேலையும் மண்ணும் தனித்தனியாகப் பிரியவில்லை.

பிரித்தது யார்? முதலில் சர்க்கார். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காட்டை ஒதுக்கப்பட்ட காடு என்று எல்லை கட்டியது. புதுப் புனம் திருத்துவதும் காட்டுக்குள் புழங்குவதும் குற்றமாயின. பிறகு கிழங்கு. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியாவிலிருந்து வந்த மாவுப்பொருள் நின்றதால் 1940களில் சேலத்தில் வளர்ந்த தொழில் ஜவ்வரிசி. 1981இல் ஆலைக்காரர்களுக்கென்று சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் ஆலைகளின் பசிக்கு மலை குச்சிக்கிழங்கு போடத் தொடங்கியது. சிறுதானிய நிலம் சுருங்கியது. அழிந்துவரும் சாமை, தினை வகைகளைக் காப்பாற்ற 1990களில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலையேறி வரவேண்டிய அளவுக்குச் சுருங்கியது.

கிழங்கு காசு கொடுத்தது, மறுக்க முடியாது. கூடவே இரண்டு காரியம் செய்தது. சாமைக்கு விதைப்பு, களை, காவல், அறுப்பு, குத்து, புடைப்பு என்று ஆண்டு முழுவதும் கை வேண்டும். கிழங்குக்கு அத்தனை கை வேண்டாம். ஆக நிலத்திலிருந்த வேலை குறைந்தது. அதே நேரம், தின்பதற்கே காசு வேண்டும் என்ற நிலை வந்தது. வீட்டுக் குதிரில் இருந்த சோறு ஆலையின் விலைப்பலகைக்குப் போயிற்று. ஆலையில் கிழங்கை மாவுச்சத்துப் பாயிண்ட் கணக்கில் அளந்து விலை போடுவார்கள். பாயிண்ட் அளக்கிற கருவி வாங்குபவன் கையில். விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரியும் அவன் பக்கத்தில்தான் நிற்பான்.

மேட்டூர் அலுமினிய ஆலைக்காக மலையில் பாக்சைட்டும் வெட்டினார்கள். 2008இல் அது நின்றது. மலையிலிருந்து மண் லாரி லாரியாக இறங்கிய அந்தக் காலத்திலும் மலையாளிகள் மிளகு பறிக்கக் கேரளத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். மூலதனத்துக்கு இந்த மலையின் மண் தேவைப்பட்டது, கிழங்கு தேவைப்பட்டது. ஆட்கள் அத்தனை பேரும் தேவைப்படவில்லை.

நாம் பொதுவாக, 'முதலாளியம் வேலை உண்டாக்குகிறதா' என்று கேட்கிறோம். அதற்கு முன்னால் அது வேறொன்றை உண்டாக்குகிறது: வேலை தேடுகிறவரை. வேலை தேடுகிறவர் உண்டாகும் வேகமும் வேலை உண்டாகும் வேகமும் சமமாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முதலாவது ஒரு தலைமுறையில் முடிந்துவிடுகிறது. இரண்டாவது லாபம் இருந்தால்தான் நடக்கும்.

3

1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் தொகுதியில் மார்க்ஸ் இதைத்தான் சேமப் பட்டாளம் என்றார். வேலையில்லாதவர்கள் முதலாளியத்தின் கோளாறால் விளைந்த விபத்து அல்ல. வேலையில் இருப்பவரின் கூலியை அடக்கி வைப்பதும், திடீரெனத் தொழில் பெருகும்போது ஓடிவருவதும் அவர்கள்தான். அதில் ஒரு வகை, கிராமத்தில் மறைந்து கிடக்கும் பட்டாளம். கொல்லிமலையை விளக்க இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

முதலாளியத்தின் நண்பர்களும் இந்தப் பட்டாளத்தை அறிவார்கள். ஆனால் அது கரைந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. 1954இல் ஆர்தர் லூயிஸ் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம் இதுதான்: கிராமத்தில் அளவற்ற உழைப்பாளர் இருக்கும்வரை நகரத் தொழில் மலிந்த கூலியில் வளரும், லாபம் மறுமுதலீடாகும், ஒருநாள் உபரி ஆட்கள் தீர்ந்துபோவார்கள், அதற்குப் பின் கூலி ஏறும். ஐரோப்பாவில் அப்படித்தானே நடந்தது என்பார்கள். நடந்தது, சரி. ஆனால் 1815க்கும் 1930க்கும் இடையில் சுமார் 5 கோடி ஐரோப்பியர் கப்பலேறி அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். ஐரோப்பிய முதலாளியத்துக்குத் தேவைப்படாத ஆட்களுக்கு இன்னொருத்தருடைய நிலம் இருந்தது. அதே காலத்தில் நம்மவர்கள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கப்பலேறினார்கள், ஆனால் கூலிகளாக. கொல்லிமலைக்காரருக்கு அமெரிக்கா கிடையாது. குடகுக் காப்பித் தோட்டம், கேரளத்து மிளகுக் கொடி, திருப்பூர் பனியன் கம்பெனி, இவ்வளவுதான் அவருடைய புதிய உலகம்.

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1945க்குப் பிறகு ஏறக்குறைய 1973வரை மேற்கு ஐரோப்பிய முதலாளியம் எல்லோருக்கும் வேலை என்ற நிலையை நெருங்கியது. பொய்யல்ல. ஆனால் எப்படி நெருங்கியது? நலத்திட்டம் இல்லாமலா? மருத்துவம், ஓய்வூதியம், வேலையில்லாக் காலப்படி, அரசுச் செலவு எல்லாவற்றோடும் சேர்ந்துதான். என் நண்பர் சொல்லும் 'சர்க்கார் கையை எடுத்த' உலகில் அது நடந்ததற்கு உதாரணம் காட்டுவது கடினம்.

அந்தக் காலம் தொடங்குமுன்பே, 1943இல், போலந்துப் பொருளியலாளர் கலெக்கி ஒரு சிறு கட்டுரையில் கேட்டார்: அரசு செலவு செய்தால் எல்லோருக்கும் வேலை கொடுக்க முடியும், முதலாளிக்கும் விற்பனை கூடும், பிறகு ஏன் அவரே எதிர்க்கிறார்? பதில்: வேலையை விட்டு நிறுத்துவேன் என்ற மிரட்டல் பலிக்காமல் போய்விடும். லாபத்தைவிடப் பணிவு முக்கியம் அவருக்கு. சோளக்காட்டில் நண்பரின் புலம்பலைக் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான்.

'அதெல்லாம் சரி, இந்தியாவில் வேலையின்மையே குறைவுதானே' என்று ஒருவர் கேட்கலாம். 2023-24 ஆண்டுக்கான அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு வேலையின்மை 3.2 சதம்தான் என்கிறது. அப்படின்னா பிரச்சினை தீர்ந்ததா? அதே கணக்கெடுப்பில், வேலையில் இருப்பவர்களில் 58 சதம் பேர் 'சுயதொழில்' செய்கிறவர்கள். கால் ஏக்கர் கிழங்குக்காட்டில் மூன்று பேர் நின்றால் மூன்று பேரும் அதில் அடக்கம். மாதச் சம்பளக்காரர்கள் 22 சதத்துக்கும் குறைவு. வேலையில்லாமல் இருப்பதற்கும் ஒரு வசதி வேண்டும், உட்கார்ந்து தின்ன வீட்டில் ஏதாவது இருக்க வேண்டும். அந்த வசதி இல்லாதவர் எதையாவது செய்துகொண்டுதான் இருப்பார். மேற்கத்திய 'வேலையின்மை' என்ற கருத்தாக்கத்தைத் தெற்காசியாவுக்கு அப்படியே பொருத்த முடியாது என்று குன்னார் மிர்தால் 1968லேயே எழுதிவிட்டார்.

எதையாவது என்றால் எதை? 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் 20 பேரைச் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று காவல்படை சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். பலர் ஜவ்வாது மலை, சித்தேரி போன்ற மலைகளின் மலையாளிகள், கொல்லிமலைக்காரர்களின் இனத்தவர். சந்தை அவர்களுக்கும் வேலை கொடுத்தது. முன்பணம் உண்டு, தரகர் உண்டு, நல்ல கூலி உண்டு. வேலைக் கணக்கெடுப்பில் அவர்கள் வேலையில் இருப்பவர்கள். ஆகவே 'எல்லோருக்கும் வேலை' என்பது மட்டும் ஒரு இலட்சியமாகாது. எந்த வேலையை ஒருவர் வேண்டாம் என்று சொல்ல முடிகிறது என்பதுதான் கேள்வி.

4

இனி இரண்டாவது வாதம். நலத்திட்டத்தை எடுத்துவிட்டுப் பார்க்கலாமே? பார்த்திருக்கிறார்கள். 1834இல் இங்கிலாந்தின் புதிய வறியோர் சட்டம், உதவி கேட்பவரின் நிலை ஆகக் கீழான கூலியாளின் நிலையைவிடக் கீழாக இருக்க வேண்டும் என்று விதித்தது. ஏழைகளை உழைப்புக் கூடங்களில் அடைத்தார்கள். தாராளச் சந்தை தானாக முளைத்த செடி அல்ல, சட்டம் போட்டு நட்டது என்று கார்ல் போலன்யி 1944இல் காட்டியது இந்த வரலாற்றை வைத்துத்தான்.

நம் பக்கத்திலும் உண்டு. 1876-78 தாது வருஷப் பஞ்சம். சேலம் மாவட்டம் கடுமையாக அடிபட்டது. 1877இல் சர் ரிச்சர்ட் டெம்பிள் வந்து, நிவாரண வேலை செய்பவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்றார். அரைக் கிலோவுக்கும் குறைவு. கூடக் கொடுத்தால் வேறு பிழைப்பு உள்ளவனும் வந்துவிடுவான், சோம்பேறியாவான் என்பது வாதம். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், இது உழைக்கிற உடம்புக்குப் போதாது என்று எதிர்த்தார். மக்கள் லட்சக்கணக்கில் செத்தார்கள். பக்கிங்ஹாம் கால்வாயில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி அந்தப் பஞ்சத்துக் கைகள் வெட்டியது. 'அரிசி கொடுத்தால் ஆள் வரமாட்டான்' என்ற பேச்சுக்கு வயது 140க்கு மேல் ஆகிறது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அரிசியை வேறு விதமாகவும் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசிக்கு விலை இல்லை. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவில் பிள்ளைகளுக்கு மதியச் சோறு. கேரளத்துக்கு மிளகு பறிக்கப் போகும் ஒருவர், பாட்டியிடம் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறார். பாட்டிக்கு அரிசி ரேஷன் கடையில், பிள்ளைக்குச் சோறு பள்ளியில். எஸ்டேட் கொடுக்கும் கூலி பறிக்கிறவர் உடம்புக்கு மட்டும்தான் காணும். அடுத்த தலைமுறையை வளர்க்கும் செலவும், வேலை இல்லாத மாதங்களின் செலவும் அதில் இல்லை. அந்த மீதியைச் சர்க்கார் தருகிறது. அப்போ அந்த அரிசி யாருக்குத் தரும் மானியம்? மலைக்காரருக்கு மட்டுமா, எஸ்டேட்டுக்கும் சேர்த்தா?

2020 மார்ச்சில் ஒரே இரவில் நாடு பூட்டப்பட்டபோது இது வெட்டவெளிச்சமாயிற்று. மூலதனம் தன் ஆட்களைத் தெருவில் விட்டது, அவர்கள் ஊருக்கு நடந்தார்கள். 2019-20இல் சுமார் 5.5 கோடிக் குடும்பங்கள் வேலை பார்த்த ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2020-21இல் சுமார் 7.5 கோடிக் குடும்பங்கள் வந்து நின்றன. வேலை கொடுப்பது மூலதனம்தான் என்றால் அந்த இரண்டு கோடிக் குடும்பங்களையும் அது ஏன் வைத்துக்கொள்ளவில்லை? நலத்திட்டம் இல்லாமல் முதலாளியம் எல்லோருக்கும் வேலை தருமா என்பது இருக்கட்டும். நலத்திட்டம் இல்லாமல் அது இப்போது தரும் வேலையைக்கூடத் தர முடியாது என்பதே உண்மைக்குப் பக்கம்.

5

முதலாளியத்துக்கே நலத்திட்டம் பயன்படுகிறது என்றால் நண்பர் ஏன் கோபப்படுகிறார்? இங்கேதான் நம் தரப்பின் பழைய சூத்திரமும் உடைகிறது.

அரிசி ஆளை உயிரோடு வைக்கிறது. வேலை உறுதி அதற்கு மேல் ஒன்று செய்தது. 2005இல் சட்டமாகி, 2008 ஏப்ரலில் நாட்டின் எல்லா ஊரக மாவட்டங்களுக்கும் விரிந்தபோது, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். கூலி பெரிதல்ல, 2025-26இல் நாளுக்கு 336 ரூபாய் என்பது உச்சவரம்பு, கைக்கு வருவது பெரும்பாலும் குறைவு. நூறு நாள் என்று பேர், நாட்டின் சராசரி ஐம்பதைச் சுற்றித்தான். கூலி மாதக்கணக்கில் தாமதமாகும். இருந்தும் செம்மேட்டுக்கு அருகே ஓர் ஊரில் ஏரி தூர்வாரிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், கீழே தோட்ட வேலைக்குப் போனால் கூடக் கிடைக்குமே என்று கேட்டேன். அவர் சொன்னார்:

"கூடத்தான் கெடைக்கும் சாமி. அங்க வாடி போடிம்பான். இங்க யாரும் அப்படிக் கூப்புட முடியாதில்ல. இப்ப நாங்க போறதுன்னாலும் கேட்டுட்டுத்தான் போறோம், எவ்வளவு குடுப்பேன்னு."

கேட்டுவிட்டுப் போவது. கலெக்கி சொன்னதை அந்த அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டார். வேலை உறுதியின் சாரம் அந்த 336 ரூபாயில் இல்லை. வேறொரு வேலையை மறுக்க முடிகிறது என்பதில் இருக்கிறது. நண்பரின் கோபமும் அந்த இடத்தில்தான்.

இதை ஆட்சியாளர்களும் அறிவார்கள். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்துக்குப் பதிலாக வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. நாட்கள் 125 என்று ஏற்றப்பட்டன. ஆனால் முன்பு மத்திய அரசே ஏற்ற கூலிச் செலவில் பெரும்பாலான மாநிலங்கள் 40 சதம் சுமக்க வேண்டும். அத்தோடு, விதைப்பு, அறுவடைக் காலங்களில் ஆண்டுக்கு மொத்தம் 60 நாள் வரை இந்த வேலை நடக்காது என்று மாநிலங்கள் அறிவிக்க வேண்டும். ஆள் அதிகம் தேவைப்படுகிற, எனவே கூலி பேச முடிகிற அந்த நாட்களில் மறுக்கும் வாய்ப்பு சட்டப்படி எடுக்கப்படுகிறது. சேமப் பட்டாளம் பழைய சித்தாந்தச் சொல் என்று நினைப்பவர்கள் இந்த 60 நாட்களை யோசிக்க வேண்டும்.

6

நம் ஆட்கள் எழுப்பும் ஆட்சேபம் ஒன்று மீதமிருக்கிறது. நலத்திட்டம் மக்களைப் பணியவைக்கும் தந்திரம்தானே? கல்யாண் சன்யால் 2007இல் இதை விரிவாக வாதித்தார்: பின்காலனிய முதலாளியம் பெரும்பகுதி மக்களைத் தன்னுள் இழுத்துக்கொள்வதில்லை, நிலத்திலிருந்து பெயர்த்துவிட்டு அவர்களை உயிரோடு வைக்கும் பொறுப்பை வளர்ச்சித் திட்டங்களிடம் விடுகிறது. இதில் உண்மை இருக்கிறது. தமிழ்நாட்டில் சொல்லாடல் மாறிய விதத்தைப் பாருங்கள். 'இலவசம்' என்றார்கள். பிறகு 'விலையில்லா' என்றார்கள். 2023இல் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தொடங்கியபோது 'உரிமைத் தொகை' என்றார்கள். பேர் உரிமை, யாருக்கு உண்டு என்று முடிவுசெய்வது அலுவலகம்.

ஆனாலும் உரிமை என்ற சொல்லைச் சர்க்காரே வாய்விட்டுச் சொல்ல நேர்ந்திருக்கிறது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலே போவதா, இது வெறும் ஏமாற்று என்று ஒதுங்கிக்கொள்வதா? இலவசம் என்று நாமும் எத்தனை முறை ஏளனமாகச் சிரித்திருக்கிறோம்? மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு நான் எழுதிய சில பக்கங்களை இப்போது படித்தால் கூசுகிறது. அந்த ஏளனத்தில் நானும் ஆலைக்கார நண்பரும் ஒரே பக்கம் நின்றிருக்கிறோம், காரணம் மட்டும்தான் வேறு.

அரிசியும் கூலி நாட்களும் போதும் என்று நான் சொல்லவில்லை. கொல்லிமலையில் மறுப்பதற்கான முதல் ஆதாரம் நிலமும் காடும்தான். 2006 வன உரிமைச் சட்டம் காகிதத்தில் தந்ததை மலையாளிகள் இன்னும் முழுமையாகக் கையில் பெறவில்லை. கிழங்கின் பாயிண்டை விளைவிக்கிறவரே அளக்கும் நாள் வரவில்லை. அரிசி, வேலை உறுதி, நிலம், விலை, இவை நான்கையும் 'சீர்திருத்தம்', 'புரட்சி' என்று இரண்டு பெட்டிகளில் பிரித்துப் போடாமல், ஒரே கேள்வியால் அளக்கலாம் என்பது என் கருத்து: இது ஒருவருக்கு மறுக்கும் பலத்தைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா?

சோளக்காட்டுக் கதையை முடிக்கவில்லை. பதினோரு மணி வரை லாரி காலியாக நின்றது. டீக்கடை பெஞ்சில் நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், லாரியைப் பார்க்காத மாதிரி. கடைசியில் நண்பர் போய் ஏதோ பேசினார். மூட்டைக்கு ரெண்டு ரூபாய் ஏற்றிக் கொடுத்ததாகத் திரும்பி வந்து சொன்னார், குரலில் பெரிய நஷ்டம் தெரிந்தது. பெஞ்சிலிருந்தவர்கள் டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தார்கள்.